ஏரிக்கரைப் புளியமரங்களில் தட்டுக்காளான்: எதை வெட்டுவது, எதை விடுவது?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் ஒரு சிற்றூர். ஊருக்கு மேற்கே ஏரி. கரையின் அடிவாரத்தில் வடக்கு தெற்காக ஒரு தார்ச்சாலை போகிறது. சாலைக்கும் கரைக்கும் நடுவே முதிர்ந்த புளியமரங்கள் இரண்டு, கொஞ்சம் தள்ளி ஒரு வாகை. சாலையின் கிழக்குப் பக்கம் பேருந்து நிறுத்தம், டீக்கடை, அதற்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு.

மூன்று மரங்களிலும் பெரிய பெரிய காளான்கள் தட்டுப் போல ஒட்டி வளர்ந்திருந்தன. காளான் வந்த மரம் எப்படியும் விழும், மூன்றையும் எடுத்துவிடலாம் என்று ஊரில் ஒரு பக்கம் பேச்சு. புளி மகசூலை ஏலம் எடுத்திருந்தவருக்கு அதில் உடன்பாடு இல்லை. "காய் அப்டியே காய்ச்சிக்கினு கீது, இதைப் போய் செத்த மரம்ன்றாங்களே சார்" என்று அவர் கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது. தழை பச்சையாக இருந்தது, காய்ப்பும் குறையவில்லை.

ஊராட்சியிலிருந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: எதை வெட்டலாம், எதை விடலாம்? நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மரக்காளான்களைத் தேடிப் பார்ப்பது நெடுநாள் பழக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புளியமரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. இன்னொன்று நிற்கிறது. வாகையில் ஒரு கிளை மட்டும் போனது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு புளியிலும் இருந்தது ஒரே காளான் மாதிரிதான் தெரியும். உண்மையில் அவை இரண்டும் வெவ்வேறு காளான்கள், மரத்தில் அவை தின்னும் இடமும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்த விதத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். நம் ஊர்ச் சாலைகளில் இதே கேள்வி அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் யாரும் தட்டின் அடியில் குனிந்து பார்ப்பதற்குள் ரம்பம் வந்துவிடுகிறது.

தட்டு என்பது என்ன

மரத்தின் மேல் நாம் பார்க்கும் தட்டு அந்தக் காளானின் ஒரு உறுப்பு மட்டுமே. அதன் உடல் மெல்லிய நூல்களாகக் கட்டைக்குள் பரவிக் கிடக்கிறது. உள்ளே வருடக்கணக்கில் கட்டையைத் தின்று வளர்ந்த பிறகு, வித்துகளைக் காற்றில் விடுவதற்காக வெளியே நீட்டுவதே இந்தத் தட்டு. ஆகவே தட்டு கண்ணில் படும்போது உள்ளே பல ஆண்டு வேலை நடந்து முடிந்திருக்கும். தட்டைக் கொத்தி எறிந்தால் நோய் போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறைய. முதல் புளியமரத்தில் யாரோ அப்படித்தான் கோடாலியால் சில தட்டுகளைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மரத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அடையாளம் காண உதவும் சான்றுதான் போய்விட்டது. நல்லவேளையாக வேர்ப்புடைப்புகளுக்கு நடுவே புல் மறைவில் ஒரு பெரிய தட்டு தப்பியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு மரங்களுக்குப் போகலாம். மரத்தின் நடுவில் இருக்கும் வைரம் உயிரற்ற கட்டை. அது மரத்தைத் தாங்குவதற்காக இருக்கிறது. தண்ணீர் ஏறுவது அதைச் சுற்றியுள்ள வெளிறு வழியாக. வைரத்தைத் தின்னும் காளான் மரத்தை உள்ளுக்குள் குழலாக்கும், ஆனால் வெளிறு நன்றாக இருக்கும்வரை இலையும் காயும் வந்துகொண்டே இருக்கும். ஏலக்காரர் பார்த்தது வெளிறின் வேலையை. மரம் நிற்குமா விழுமா என்பதற்கு அது பதில் ஆகாது. பொந்து விழுந்த முதிய புளியமரங்கள் எத்தனையோ காலம் நின்று காய்ப்பதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். பொந்து எங்கே, அது எவ்வளவு பெரியது, மரத்தைப் பிடித்திருக்கும் வேர் எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

எப்போது பார்ப்பது

முதலில் போனது கோடையில். வேலூர் வெயிலில் எல்லாத் தட்டுகளும் காய்ந்து, அடிப்பக்கம் ஒரே பழுப்பாக இருந்தன. இந்த நிலையில் புகைப்படம் எடுத்துப் பெயர் கேட்டால் யார் சொன்னாலும் பாதி ஊகம்தான். வளரும் ஓரத்தின் நிறம், அடிப்பக்கத்தின் புது நிறம், கீறினால் மாறுகிறதா என்பது, வித்துத்தூள் விழுகிறதா என்பது, இவையெல்லாம் மழைக்காலத்தில்தான் தெரியும். எனவே கோடையில் இடம், உயரம், அளவு, மரத்தின் சுற்றளவு ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு மறுபடி பார்த்தோம். ஆபத்து உடனடியாக இருக்குமோ என்ற கவலையில், முதல் மரத்தின் அடியில் இருந்த உட்காரும் கல்லை மட்டும் அப்போதே அப்புறப்படுத்தச் சொன்னேன்.

முதல் புளி

சுற்றளவு மார்பு உயரத்தில் 4.2 மீட்டர். தப்பியிருந்த தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மேற்குப் பக்கத்து வேர்ப்புடைப்பில் இருந்தது. அகலம் 38 செ.மீ., ஒட்டியிருந்த இடத்தில் தடிமன் 9 செ.மீ. காம்பு கிடையாது. மேற்புறம் மங்கலான பழுப்பு, வரி வரியாக மேடு பள்ளம், விரல் நகத்தால் அழுத்தினால் இறங்காத கெட்டியான ஓடு. பளபளப்பு இல்லை. ஓரம் மட்டும் புதிதாக, வெள்ளையாக, கொஞ்சம் மென்மையாக இருந்தது.

அடிப்பக்கம் சுத்த வெள்ளை. ஒரு குச்சியின் முனையால் கோடு இழுத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கரும்பழுப்பாக மாறிவிட்டது. மேலை நாடுகளில் இந்த வகைத் தட்டின் அடியில் படம் வரையும் வழக்கமே உண்டு, கோடு காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். கைலென்ஸில் பார்த்தால் மிக நுண்ணிய வட்டத் துளைகள். மடல்களோ சிக்கலான பள்ளங்களோ இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்குத் தெளிவு தந்தது தூசு. அந்தத் தட்டின் மேலும், பக்கத்துப் பட்டையிலும், கீழே கிடந்த சருகுகளிலும் காப்பித்தூள் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தது. சாலைப் புழுதி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சாலையைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில் அது இல்லை. மழை கழுவிய பிறகும் சில நாளில் திரும்ப வந்தது. தட்டின் அடியிலிருந்து விழும் வித்துகள் காற்றில் சுழன்று மேலேறித் தட்டின் முதுகிலேயே படிவதால் இப்படி ஆகிறது. ஒரு தட்டு பருவத்தில் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் வித்து விடும்.

உளியால் ஒரு துண்டு எடுத்தோம். சதை கரும்பழுப்பு, தக்கை போல நாருள்ளது. அதற்குக் கீழே குழல்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு பருவமும் பழைய குழலுக்கு அடியில் புதுக் குழல் சேர்கிறது, எனவே இது பல ஆண்டு வாழும் தட்டு. கல்லூரி ஆய்வகத்து நுண்ணோக்கியில் வித்தைப் பார்த்தபோது சந்தேகம் முழுதாகத் தீர்ந்தது. பழுப்பு நிறம், இரட்டைச் சுவர், ஒரு முனை வெட்டிவிட்டது போல மொட்டை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது கானோடெர்மா. 1881-ல் ஃபின்லாந்துக்காரரான கார்ஸ்டன் வகுத்த பேரினம் இது.

அதற்குள் எந்த இனம்? மங்கலான மேற்புறம் உள்ள கானோடெர்மாவை நம் ஊரில் பார்த்த உடனே பலரும் 'கானோடெர்மா அப்ளனேட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் குளிர்ந்த நாடுகளுக்கு உரியது. அதன் வித்து சிறியது, 6 முதல் 9 மைக்ரான் நீளம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நாங்கள் அளந்தவை பெரும்பாலும் 9 முதல் 11 மைக்ரான். சதையின் கரும் நிறத்தையும் தடித்த ஓட்டையும் சேர்த்துப் பார்த்தால் வெப்ப நாடுகளில் பரவலாக உள்ள 'கானோடெர்மா ஆஸ்ட்ராலே' குழுவோடுதான் பொருந்துகிறது. அதையும் குழு என்றே அறிக்கையில் எழுதினேன், ஏனென்றால் அந்தப் பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருக்கின்றன, அவற்றைப் பிரிக்க மரபணுச் சோதனை வேண்டும். ஊராட்சியின் கேள்விக்குப் பதில் சொல்லப் பேரினமே போதும். கானோடெர்மா அடிமரத்தையும் வேரையும் தின்னும் காளான்.

இரண்டாவது புளி

சுற்றளவு 3.4 மீட்டர். தட்டுகள் தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில், எப்போதோ ஒடிந்த பெருங்கிளையின் வடுவை ஒட்டி இருந்தன. அடியில் ஒன்றும் இல்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். அகலத்தைவிடத் தடிமன் தூக்கலாக, மாட்டின் குளம்பு வடிவம். மேற்புறம் கருத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. வெடிப்புகளில் பாசி. அடிப்பக்கம் மழைக்காலத்திலும் வெள்ளையாகவில்லை, துருப்பிடித்த இரும்பின் நிறத்திலேயே இருந்தது. கீறினால் மாற்றம் இல்லை. துளைகள் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மை. கட்டை போலக் கனம், உளி இறங்கவே சிரமப்பட்டது.

சதை மஞ்சள் கலந்த துருநிறம். அதன் மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டோம். உடனே கருப்பாகி, கருப்பாகவே நின்றது. ஃபெல்லினஸ் என்ற மரக்காளான் வகையறாவுக்கு இது நல்ல அடையாளம். ஒரு எச்சரிக்கை: கானோடெர்மாவின் பழுப்புச் சதையும் இந்தக் கரைசலில் இருண்டு போகும். எனவே இந்தச் சோதனையை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. மேல் ஓடு, அடிப்பக்க நிறம், வித்து எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒத்துப்போயின. வித்து சின்னதாக, உருண்டையாக, மஞ்சள் பழுப்பில் இருந்தது. மொட்டை முனையும் இல்லை, இரட்டைச் சுவரும் இல்லை. இந்தக் குடும்பத்தில் பல இனங்களின் குழல் சுவரில் பழுப்பு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தேடியும் இதில் காணவில்லை. நிறமுள்ள வித்து, முட்கள் இல்லை என்றால் அது ஃபல்விஃபோமஸ் என்ற பேரினத்தின் பக்கம் போகும். முன்பு இவை எல்லாவற்றையும் ஃபெல்லினஸ் என்றே ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தார்கள், பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும்.

ஊர்ப் பையன்கள் இதைக் கைப்பேசிச் செயலியில் காட்டியபோது அது 'ஃபோமஸ் ஃபொமென்டேரியஸ்' என்று சொல்லியிருக்கிறது. குளம்பு வடிவம் அதற்கும் உண்டு. ஆனால் அது வடக்கத்திக் குளிர் நாடுகளில் பிர்ச், பீச் மரங்களில் வளர்வது. நெருப்பு மூட்டும் பஞ்சு செய்ய ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்பட்டது. 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித உடலோடு இருந்த பொருள்களில் அதுவும் ஒன்று. அற்புதமான காளான்தான், அணைக்கட்டுப் புளியமரத்தில் அதற்கு வேலை இல்லை. செயலி வடிவத்தைப் பார்க்கிறது. மரம் என்ன, ஊர் என்ன, அடிப்பக்கம் என்ன, சதை என்ன என்று அது கேட்பதில்லை. பையன்களிடம் நான் சொன்னது: முதலில் மரத்தின் பெயரை எழுதுங்கள், அப்புறம் தட்டு இருக்கும் உயரம், அப்புறம் அடியில் ஒரு படம், வெட்டிய சதையில் ஒரு படம். இவ்வளவும் சேர்ந்தால் எந்த வல்லுநரும் உங்களுக்கு உருப்படியான பதில் சொல்ல முடியும்.

வாகை

இதில் அதிகம் சொல்ல இல்லை. பட்டுப்போன ஒரு கிளையில் மட்டும் மெல்லிய, தோல் போன்ற சிறு தட்டுகள். சிலவற்றின் இரு பக்கமும் பளிச்சென்ற செம்மஞ்சள். பிக்னோபோரஸ் சாங்கினியஸ், செத்த கட்டையில் வெயில் படும் இடத்தில் எங்கும் வருவது. உயிருள்ள பகுதியில் ஒன்றும் இல்லை. கிளை தலையில் விழாமல் இருக்க அதை எடுத்தால் போதும். மூன்று மரத்தையும் வெட்டச் சொன்னவர்கள் கண்ணில் அதிகம் பட்டது இந்தச் சிவப்புதான், ஆனால் மூன்றிலும் தீங்கு குறைந்தது இதுவே.

சாய்வு எப்போது வந்தது

முதல் புளி கிழக்கே, அதாவது சாலைப் பக்கம், கொஞ்சம் சாய்ந்து நின்றது. நடும்போதே சாய்ந்த மரம் என்றால் அதற்கேற்ப வேரும் கட்டையும் தடித்து வளர்ந்து தாங்கிக்கொள்ளும், பயப்பட வேண்டியதில்லை. சமீபத்தில் சாய்ந்த மரம் என்றால் வேர் விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். இது எந்த வகை? ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்றார் ஒருவர். டீக்கடை அம்மா, ஏரி நிரம்பி வழிந்த வருடம்தான் சாய்ந்தது என்றார்.

இதற்குத் தட்டே சாட்சி சொன்னது. தட்டுக்காளான் எப்போதும் தன் துளைகளைச் செங்குத்தாகத் தரையைப் பார்த்தே வைக்கும். துளை சாய்ந்தால் வித்து குழலின் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. எனவே மரம் சாய்ந்தால், அதற்குப் பிறகு வளரும் பகுதி மறுபடி மட்டமாகத் திரும்பிக்கொள்ளும், பழைய பகுதி சாய்ந்தபடியே இருக்கும். அந்தப் பெரிய தட்டை நடுவில் அறுத்துப் பார்த்தபோது உள் அடுக்குகளின் குழல்கள் ஒரு பக்கம் சாய்ந்தும், வெளி அடுக்குகளின் குழல்கள் நேர்குத்தாகவும் இருந்தன. இரண்டுக்கும் இடையே தெளிவான மடிப்பு. தட்டு முளைத்து வளர்ந்த பிறகுதான் மரம் சாய்ந்திருக்கிறது. அதாவது சாய்வு புதியது.

அடுக்குகளை எண்ணி வருடம் சொல்லிவிடலாமே என்று கேட்டார்கள். பனி நாட்டில் ஓரளவு சொல்லலாம். நமக்கு இரண்டு மழைப் பருவம், நடுவில் வறட்சி. ஒரு அடுக்கு ஒரு வருடம் என்று இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. எது முதல், எது பிறகு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். டீக்கடை அம்மா சொன்ன வருடம் 2021. அந்த நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டது, வட்டாரத்து ஏரிகள் வழிந்தன. ஊறிய மண்ணில் பிடி தளர்ந்த மரம் சாய்வது இயல்பு. அவர் சொன்னதைத் தட்டு மறுக்கவில்லை.

பிடி ஏன் தளர்ந்தது என்பதற்கும் காரணம் பக்கத்திலேயே கிடைத்தது. மரத்துக்கும் கரைக்கும் நடுவே, மேற்குப் பக்கத்தில், பல வருடங்களுக்கு முன் குழாய் பதிக்க ஜேசிபியால் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர்கூடத் தள்ளவில்லை. பெரிய வேர்கள் அறுந்திருக்கும். அறுந்த வேரின் வாய் வழியாகத்தான் கானோடெர்மா போன்றவை நுழைகின்றன. தட்டு இருந்ததும் அதே மேற்குப் பக்கம். கிழக்கே சாயும் மரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டிய வேர்கள் மேற்கு வேர்கள். ஆக, எந்தப் பக்கம் வேர் முக்கியமோ அந்தப் பக்கமே போயிருக்கிறது.

தட்டியும் துளைத்தும் பார்த்தது

கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) அடிமரத்தைச் சுற்றி வரிசையாகத் தட்டினோம். நல்ல கட்டையில் சத்தம் சுருக்கமாக, கெட்டியாக வரும். முதல் புளியின் மேற்கு அடியில் 'தொம்' என்று அதிர்ந்தது. வேர்ப்புடைப்பின் இடுக்கில் மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்தியதும் முழங்கை நீளம் தடையில்லாமல் இறங்கியது. கம்பியின் நுனியில் வந்த கட்டை வெளுத்து, ஈரமாக, நார் நாராக இருந்தது. கட்டையின் பழுப்பு நிறப் பொருளையும் சேர்த்துத் தின்றுவிட்டு வெள்ளை நாரை விட்டுச்செல்லும் அழுகல் இது. இன்னொரு வகைக் காளான்கள் வெள்ளை நாரைத் தின்று பழுப்பை விட்டுவைக்கும், அப்போது கட்டை செங்கல் துண்டுகளாக வெடித்து, கையில் பொடியாகும். எந்த அழுகல் என்று பார்ப்பதும் அடையாளம் காண்பதில் ஒரு படி.

இரண்டாவது புளியில் மெல்லிய துளைப்பானால், தட்டுகள் இருந்த உயரத்தில் நான்கு பக்கமும் துளைத்தோம். துளைப்பதே மரத்துக்கு ஒரு காயம், தேவையில்லாமல் செய்யக் கூடாது. இங்கே தேவை இருந்தது. மரத்தூள் நல்ல நிறத்தில் வந்துகொண்டிருந்து, பிறகு கருவி சட்டென்று வெறுமையில் இறங்கும். அதுவரையான ஆழம்தான் தாங்கும் சுவரின் தடிமன். மூன்று பக்கம் 22 செ.மீ.க்கு மேல், வடுவுள்ள பக்கம் 19. மரத்தின் ஆரம் சுமார் 54 செ.மீ. சுவர் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் எச்சரிக்கை என்பது மர ஆய்வாளர்களின் பொதுக் கணக்கு. இங்கே அது 18. விளிம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளக் கூடாது, பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தால் அது பொருந்தாது. இந்த மரத்தில் பொந்து மூடியே இருந்தது. அடிமரமும் வேரும் தட்டிப் பார்த்ததில் கெட்டி.

முடிவும் அதன் பிறகும்

முதல் புளியை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு பெரிய மரத்தை எடுக்கச் சொல்வது லேசான காரியமில்லை. கிளையைக் குறைத்துக் காப்பாற்றலாமா என்றும் யோசித்தோம். தழை குறைந்தால் காற்றின் இழுப்பு குறையும், உண்மைதான். ஆனால் அழுகல் வேரில், சாய்வு புதியது, கீழே பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கும் இடம். இந்த மூன்றும் ஒன்றாக வரும்போது காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. இவற்றில் ஒன்று இல்லாவிட்டால், உதாரணமாக மரம் வயல் நடுவே நின்றிருந்தால், அதை அப்படியே விடச் சொல்லியிருப்பேன். பொந்தும் பட்ட கிளையும் உள்ள முதிய மரம் ஆந்தைக்கும் கிளிக்கும் வீடு.

முறைப்படி அனுமதி வாங்கி வெட்டினார்கள். அடிக்கட்டையைத் தோண்டியபோது மேற்குப் பக்கத்துப் பெருவேர்கள் கையால் இழுத்தாலே நாராக வந்தன. கிழக்கு வேர்களும் நடுவேரின் ஒரு பகுதியும்தான் அவ்வளவு பாரத்தையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. மேலே அறுத்த துண்டுகளில் வைரம் கருஞ்சிவப்பாக, பழுதில்லாமல் இருந்தது. ஏலக்காரர் அந்தத் துண்டையும் பார்த்தார், வேரையும் வந்து பார்த்தார்.

இரண்டாவது புளியில் வடுவுக்கு மேலே நீண்டு போன ஒரு கிளையின் பாரத்தை மட்டும் குறைத்தோம். தட்டுகளை எடுக்கவில்லை. அவை இருந்தால்தான் வருடா வருடம் வளர்ச்சியை அளக்க முடியும், புது இடத்தில் தட்டு வருகிறதா என்றும் தெரியும். அடியில் குப்பை எரிப்பதை நிறுத்தச் சொன்னேன், ஆணி அடித்துப் பலகை மாட்டுவதையும். இந்த இரண்டும் காளானுக்குக் கதவு திறந்துவிடும் வேலை.

தென்னந்தோப்புக்காரருக்கு வேறு கவலை. தென்னையில் அடித்தண்டு அழுகலைத் தமிழ்நாட்டு விவசாயிகள் தஞ்சாவூர் வாடல் என்று அறிவார்கள். 1952-ல் புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கவனத்துக்கு வந்த நோய். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும், மட்டைகள் தொங்கும், கடைசியில் அடியில் தட்டு வரும். அதற்குக் காரணமும் கானோடெர்மாதான். பெரும்பாலும் அங்கே வருவது மேற்புறம் மெருகு பூசியது போல மின்னும் செம்பழுப்பு வகை. புளியில் இருந்தது மங்கலானது, இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் மங்கலான வகைகளும் தென்னையில் பதிவாகியிருப்பதால் அலட்சியம் வேண்டாம் என்றேன். அழுகிய வேர்தான் இந்தப் பூஞ்சை மண்ணில் தங்கும் இடம். ஆகவே சாலைக்கு மேற்கே கிடைத்த வேர் அத்தனையும் தோண்டி எடுத்து எரிக்கப்பட்டது. அவருடைய மரங்களில் இதுவரை சாறு வடியும் அறிகுறி இல்லை. மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இடுவதும், ஒரு மரத்துப் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் ஓடவிடாமல் பார்ப்பதும் நல்லது. சந்தேகமான மரம் தெரிந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

வெட்டிய இடத்திலிருந்து தட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போக ஒரு இளைஞர் வந்தார். இது 'ரெய்ஷி', கிலோ இவ்வளவு விலை போகும், கஷாயம் வைத்தால் எல்லா நோயும் போகும் என்று எங்கோ பார்த்திருக்கிறார். அவரை உட்காரவைத்து விளக்கினோம். ரெய்ஷி என்று விற்பது மெருகுள்ள வகை, பயிரிட்டு வளர்ப்பது. 'கானோடெர்மா லூசிடம்' என்ற பெயரில் 'லூசிடம்' என்ற இனப்பெயர் 1781-ல் இங்கிலாந்துக் காளானுக்கு வைத்தது, பேரினப் பெயர் பிறகு சேர்ந்தது. ஆசியாவில் அதே பெயரில் அழைத்தவை பல வேறு இனங்கள் என்று பின்னால் தெரிந்தது, சீனாவில் பயிராகும் இனத்துக்கு 2012-ல்தான் தனிப்பெயர் வந்தது. ஆய்வாளர்களே இவ்வளவு காலம் பிரிக்கச் சிரமப்பட்ட ஒன்றை, சாலையோரப் புளியிலிருந்து உடைத்துக் காய்ச்சிக் குடிப்பது ஆபத்து. சாலைப் புகையிலும் மண்ணிலும் உள்ள கன உலோகங்களைக் காளான்கள் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பது தனிக் காரணம். ஒரு தட்டை மட்டும் பள்ளி ஆய்வகத்துக்குக் கொடுத்தோம், அடுக்கின் மடிப்பு தெரியும்படி அறுத்த அந்தத் தட்டு.

முதல் மரத்தின் குழியில் இப்போதைக்கு எதையும் நட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மண்ணுக்குள் விட்டுப்போன வேர்த்துண்டுகள் மக்க வேண்டும். அதே கரையில் வடக்கே தள்ளி, குழாய்ப் பள்ளத்தின் தடம் படாத இடத்தில், இரண்டு புளியங்கன்றுகளும் ஒரு புங்கனும் வைத்திருக்கிறார்கள். நிற்கும் புளியை ஒவ்வொரு கார்த்திகையிலும், மழை ஓய்ந்த பிறகு, அடியில் புதுத் தட்டு வருகிறதா என்று பார்ப்பதாக ஏலக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளை அடிப்பக்கம், கீறினால் பழுப்பு, பட்டையில் காப்பித்தூள் படலம் ஆகிய மூன்றும் அவருக்கு இப்போது தெரியும். அவற்றில் ஒன்று தரையோரம் தெரிந்தாலும் தகவல் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.